இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்தேன்

"நான் திரும்ப லோங் ஹோல் லொறி ஓடுறன். நாலு வருசம்தானே, ஓடி முடிச்சிடுவன்."

என் கணவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இதைச் சொன்னது நாலு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இருதயக் குழாய் அடைத்து அவருக்கு ஸ்டென்ட் வைத்திருந்தது. டெக்சஸ், புளோரிடா என்று கிழமைக்கணக்கில் பெரிய லொறி ஓடிய மனிதரை, இனி அந்த வேலையே வேண்டாம் என்று டொக்டர் மறித்திருந்தார். மிசிசாகாவில் ஒரு பண்டகசாலையில் வேலை எடுத்தார். சம்பளம் குறைவு, ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார். இப்போது மகளின் படிப்புக்காகத் திரும்பவும் லொறியில் ஏறப் போகிறேன் என்கிறார். "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் என் மனதின் ஒரு மூலை "ஓடட்டும்" என்றது. அதை இன்றைக்கு ஒளிக்காமல் சொல்லத்தான் உங்கள் முன்னால் வந்திருக்கிறேன்.

நம் அம்மன் கோயிலுக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற சுகந்தி. என் குணமும் தெரிந்திருக்கும். எனக்கு ஒருவரையும் லேசில் நம்பி வராது. கடைத் தராசில் ஐமிச்சம், வங்கியிலிருந்து வருகிற போனில் ஐமிச்சம், அர்ச்சனைத் தட்டில் திரும்பி வருகிற வாழைப்பழம் நான் கொடுத்த பழம்தானா என்றுகூட ஐமிச்சம். "நீர் பொலிசிலை சேர்ந்திருக்க வேணும்" என்று இவர் பகிடி பண்ணுவார். அந்தக் குணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் என் சாட்சி.

மகள் ஆரணிக்குச் சின்ன வயதிலிருந்தே டொக்டராகும் ஆசை. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் முடித்தவுடன் மருத்துவபீடத்துக்குப் போக முடியாது. முதலில் ஒரு பட்டப்படிப்பு, அதற்குப் பிறகுதான் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பம். அந்த முதல் பட்டத்துக்கு அவளுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று காரில் பல மணி நேரம் போகவேண்டிய ஊரில் உள்ள பேர்போன பல்கலைக்கழகம். அங்கே விடுதி, சாப்பாடு என்று எல்லாமே காசு. மற்றது ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் போய்விடலாம், புலமைப்பரிசிலும் தருகிறார்கள். ஜூன் மாதத் தொடக்கத்துக்குள் ஏதாவது ஒன்றுக்கு "ஓம்" சொல்லவேண்டும். தூரத்து இடத்துக்கு ஓம் சொன்னால் இவர் லொறியில் ஏறவேண்டும். வேறு வழியே இல்லை. வீட்டின் மேல் எடுக்கக்கூடிய கடனை எல்லாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

எனக்குத் தூரத்து இடம்தான் வேண்டும் என்றிருந்தது. பேரைச் சொன்னவுடன் நாலு பேர் வாயைப் பிளக்கிற இடம் அது. அங்கே படித்தால்தான் மருத்துவபீடத்துக் கதவு திறக்கும் என்று நான் உறுதியாக நம்பினேன். ஆரணிக்கும் அதே ஆசை.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை எங்கே விண்ணப்பித்திருக்கிறது என்று கேட்டால் நாங்கள் உண்மை சொல்வோமா? நாவூறு பட்டுவிடும். ஆகவே கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் "அவள் எக்கவுண்டிங்தான் படிக்கப் போறாள்" என்று சொல்லி வைத்திருந்தேன். அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை மடைப்பள்ளியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, அஜக்ஸிலிருந்து வருகிற வசந்தி அக்கா கிட்ட வந்து இருந்தார். அவருடைய மகள் அப்போது மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம்.

"சுகந்தி, ஆரணி மெடிசினுக்குத்தானே ஓடித் திரியிறாள்?"

"ஐயோ இல்லை அக்கா. எக்கவுண்டிங்."

"சரி, எக்கவுண்டிங்காவே இருக்கட்டும். ஆனா ஒண்டு சொல்லுறன், கேளும். முதல் டிகிரியை எங்க செய்தாலும் மெடிக்கல் ஸ்கூல்காரர் மார்க்ஸைத்தான் முதல் பாப்பினம். என்ர மகள் உந்தப் பக்கத்துக் கம்பஸிலைதான் படிச்சவள். வீட்டுச் சாப்பாடு, வீட்டு நித்திரை. பெரிய செலவு பிறகுதான் வரும், மெடிசினுக்குள்ள போனாப் பிறகு. இப்பவே எல்லாத்தையும் குடுத்து முடிச்சிடாதையும்."

நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் பிள்ளை உள்ளே போய்விட்டாள், இனி என் பிள்ளை போகக்கூடாது. அதற்குத்தான் மட்டமான வழியைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அவர் மகளுடைய பழைய புத்தகங்கள் நாலைக் கொண்டுவந்து ஆரணிக்கென்று தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகத் தட்டினேன். முக்கியமான பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தந்திருப்பாரோ என்று பார்த்தேன். ஒரு பக்கமும் குறையவில்லை. குறையாததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். இவர் இவ்வளவு லேசாக லொறி ஓடுகிறேன் என்கிறாரே, என்னோடு ஒரே வீட்டில் இருந்து அலுத்துப் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஆரணி நான் அறைக்குள் போனவுடன் லப்டொப்பை மூடினாள். தூரத்துக்குப் போக இவ்வளவு துடிக்கிறாளே, அங்கே யாரும் பொடியன் இருக்கிறானோ? அவள் குளிக்கும்போது அவளுடைய பையைத் துழாவினேன். பஸ் கார்ட்டும் பாதி தின்ற சொக்லேட்டும்தான் இருந்தன. பெற்ற பிள்ளையின் பையை அப்படித் துழாவியதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மே மாதம் முழுக்க எனக்கு நித்திரை இல்லை. மார்க்கமில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. காலையில் வேலைக்குப் போனால் உடனே இறங்காமல் காருக்குள்ளேயே இருந்து அழுவேன். "அம்மாளே, பிள்ளை டொக்டராக வேணும். இவருக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. ரெண்டையும் தா." இதுதான் என் மன்றாட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது எனக்குத் தெரியும். இவர் லொறி ஓடினால்தான் பிள்ளை டொக்டர், ஓடினால் இவருக்கு என்ன நடக்குமோ. கணக்கு எந்தப் பக்கமும் சரிவரவில்லை. நான் உடைந்து போயிருந்தேன்.

மே மாதக் கடைசியில் இவர்தான் சொன்னார். "இஞ்சேரும், உதைப் பற்றி நாங்கள் மூண்டு பேரும் கதைச்சுக் களைச்சுப் போனம். அம்மாளிட்டைப் பூக்கட்டிக் கேப்பம். வெள்ளை வந்தா தூரத்து யூனிவர்சிட்டி, சிவப்பு வந்தா பக்கத்திலை இருக்கிறது. எது வந்தாலும் நான் ஓம்." ஆரணி சிரித்தாள். "அப்பா, தட்ஸ் சோ ரேண்டம்" என்றாள். பிறகு அவரது முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே, நானும் ஓம்" என்றாள்.

பூக்கட்டிக் கேட்கிற முறை நம் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே அளவான இரண்டு காகிதத்தில் ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ வைத்து, வெளியில் தெரியாமல் மடித்து நூலால் கட்டி, அம்மாளின் காலடியில் வைப்போம். தீபம் காட்டியபின் ஐயர் ஒன்றை எடுத்துத் தருவார். வந்த பூ அம்மாளின் வாக்கு.

வெள்ளிக்கிழமை காலை. எல்லோரும் லீவு எடுத்திருந்தோம். நான் சமையலறை மேசையில் தனியாக இருந்து பூக்கட்டினேன். முதல் நாள் வாங்கிய வெள்ளை ரோசா ஒன்று, சிவப்பு ரோசா ஒன்று. வெள்ளையில் ஒரு இதழைப் பிடுங்கி ஒரு காகிதத்தில் வைத்துக் கட்டினேன். பிறகு சிவப்பைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் மனம் பேசத் தொடங்கியது. சிவப்பு வந்தால்? இவர் ஐயரிடம் முன்னமே கதைத்து வைத்திருந்தால்? வசந்தி அக்கா ஏதும் நேர்த்தி வைத்திருந்தால்? அம்மாளுக்குத்தான் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி என்ன தெரியும்? ஓம், அப்படியும் நினைத்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்து, கடைசியில் அவளையும் சந்தேகப்பட்டேன்.

சிவப்பு ரோசாவை அப்படியே கழிவு போடுகிற பச்சை வாளிக்குள் போட்டேன். இரண்டாவது காகிதத்திலும் வெள்ளை இதழையே வைத்துக் கட்டினேன். இரண்டு பொட்டலத்தையும் தட்டத்தில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சேலை உடுக்கப் போனேன். மனதில் ஒரு திருப்தி இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

கோயிலில் அன்று கூட்டம் இல்லை. ஐயர் தட்டத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். தீபம் காட்டினார். மணி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் தந்தார். நான் ஆறுதலாக, நாடகத்துக்கென்று ஆறுதலாக, நூலை அவிழ்த்தேன்.

சிவப்பு.

அப்படியே தரையில் இருந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். சுற்றி நின்றவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். ஐயர் விபூதி பூசிவிட்டு, "அம்மாள் பேசியிருக்கிறாள். நீங்கள் ஒரு நாள் இதை எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும்" என்றார். எனக்கு வந்தது பயம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தட்டத்தில் மிஞ்சிய மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டு திறந்து பார்த்தேன். அதற்குள் வெள்ளை இருந்தது. ஆகவே ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஒன்று அம்மாள் மாற்றினாள், அல்லது யாரோ மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்ப் பச்சை வாளியைத் திறந்தேன். சுத்தமாகக் கழுவி வைத்திருந்தது. அன்று எங்கள் தெருவில் குப்பை எடுக்கிற நாள். காலையிலேயே இவர் கழிவை வெளியில் கொண்டுபோய் வைத்து, வாளியையும் கழுவியிருக்கிறார். ஒவ்வொரு கிழமையும் நான் மூன்று தரம் சொன்னால்தான் வைக்கிற மனிதர், அன்று மட்டும் சொல்லாமலே வைத்திருக்கிறார். அந்த நிமிடமே முடிவு கட்டினேன், இவர்தான். பொட்டலத்தில் அடையாளம் போட்டு ஐயருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் கேட்க வாய் இல்லை. "ஏன் பூவை மாத்தினீங்கள்" என்று கேட்டால், "நீர் அதுக்குள்ள என்ன வைச்சனீர்" என்று அவர் கேட்பாரே. கள்ளன் போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுக்க முடியுமா?

ஆரணி பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஓம் சொன்னாள். இரண்டு நாள் அறைக்குள் இருந்து அழுதாள். மூன்றாம் நாள் எழும்பி வந்து வசந்தி அக்காவின் புத்தகங்களைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு பஸ், படிப்பு, வீடு. விடுமுறைகளில் ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உதவிக்கு நின்றாள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்துக்கொண்டே, அந்தப் பெரிய இடத்தில் இருந்திருந்தால் இப்போது எப்படி இருந்திருப்பாள் என்று மனதுக்குள் முணுமுணுப்பேன். ஐயர் காணும்போதெல்லாம் "எப்ப அம்மா பேசப்போறீங்கள்?" என்று கேட்பார். தொண்டை சரியில்லை என்பேன்.

அவளுடைய இரண்டாம் வருடம், பெப்ரவரி மாதம். நான் வேலையில் நின்றேன். வாசலில் ஸ்நோ தள்ளிக்கொண்டிருந்த இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்திருக்கிறார். ஆரணிக்கு அன்று பின்னேரம்தான் வகுப்பு, வீட்டில் இருந்தாள். அவர் இருந்த இருப்பைச் சன்னலால் கண்டவுடனே அம்புலன்ஸுக்கு அடித்து, அவர்கள் போனில் சொன்னதைச் சொன்னபடி செய்து, அவர்கள் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "நேரத்துக்குக் கொண்டு வந்ததால் தப்பினார்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த நீண்ட வராந்தாவில் கதிரை ஒன்றில் நான் இருந்தேன். அவள் தூரத்தில் விடுதியில் இருந்திருந்தால்? இவர் தனியாக ஏதோ ஒரு அமெரிக்க நெடுஞ்சாலையில், பின்னால் அவ்வளவு பாரத்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால்? அந்தச் சிவப்பு இதழ் கண்ணுக்குள் நின்றது. யார் வைத்திருந்தாலும் சரி, அவருடைய காலில் விழவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். இவர் வீட்டுக்கு வந்து நடமாடத் தொடங்கியதும் பழையபடி சந்தேகமும் திரும்பி வந்தது.

இந்த வருடம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆரணி படியால் குதித்து ஓடிவந்தாள். "அம்மா, ஐ காட் இன்! மெடிசின் கிடைச்சிட்டுது!" ஈமெயிலைக் காட்டினாள். நான் சொன்ன முதல் வார்த்தை, "உது கள்ள ஈமெயிலா இருக்கும். ஒண்டையும் அமத்தாதை." பல்கலைக்கழகத்துக்கு அவள் போன் எடுத்துக் கேட்டு உறுதிப்படுத்தியபிறகுதான் நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். இவர் குசினி வாசலில் நின்று விக்கி விக்கி அழுதார். முதல் படிப்புக்கென்று கடன் ஒன்றும் இல்லாதபடியால் மருத்துவபீடத்துச் செலவுக்கு இனிமேல்தான் கடன் எடுக்கப் போகிறோம். வசந்தி அக்கா சொன்னது சொன்னபடி.

வெள்ளிக்கிழமை அம்மாளுக்கு அபிஷேகம் செய்தோம். நன்றி சொல்லக் கை கூப்பினால் எனக்குக் கை சேரவில்லை. நாலு வருடமாகப் பொய்யோடு அவள் முன்னால் நிற்கிறேன். பூசை முடிந்து காருக்குள் ஏறினோம். இவர் சாவியைப் போட்டார். "எடுக்காதேங்கோ, ஒரு கதை சொல்ல வேணும்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வெள்ளை வைத்ததை, பச்சை வாளியை, அவரைச் சந்தேகப்பட்டதை, எல்லாம்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின் ஆசனத்திலிருந்து ஆரணி மெதுவாகச் சொன்னாள்.

"அது நான் அம்மா. தேத்தண்ணி பாக் போட வாளியைத் திறந்தன். சிவப்பு ரோஸ் முழுசாக் கிடந்தது. அப்பவே விளங்கிட்டுது. ஒண்டைத் திறந்து சிவப்பு இதழ் வைச்சிட்டு, உங்கட நூலாலையே கட்டினனான்."

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருந்ததா? "அடையாளம் ஏதும் போட்டனியோ? ஐயருக்குச் சொன்னனியோ?"

"இல்லை அம்மா. ரெண்டையும் தட்டத்திலை உருட்டி விட்டனான். எது எதெண்டு எனக்கே தெரியாது. ரெண்டையும் சிவப்பாக்கினா அதுவும் சீட்டிங்தானே."

"நீ தூர இடத்துக்குத்தானே ஆசைப்பட்டனீ? வெள்ளை வந்தா உனக்குச் சந்தோசம்தானே?"

"ஓம். சரியான ஆசை." முன்னால் இருந்த அப்பாவின் தோளில் கை வைத்தாள். "ஆனா அப்பாவுக்கும் ஒரு சான்ஸ் இருக்க வேணும் எண்டு நினைச்சன்."

பிறகு இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "அண்டைக்கு நான் சிவப்பு வரவேணும் எண்டுதான் கும்பிட்டனான். திரும்ப லொறியிலை ஏற எனக்குப் பயமாக் கிடந்தது. உங்கள் ரெண்டு பேருக்கும் சொல்ல வெட்கம்."

இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதர். அவர் எதை ஒளிக்கிறார், எதை ஒளிக்கிறார் என்று தேடித் தேடியே திரிந்தேன். ஒளித்து வைத்திருந்தது பயம். அதை மட்டும் நான் காணவில்லை. அவருடைய கையைப் பிடித்து "என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன். மூன்று பேரும் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் இருந்து அழுதோம்.

அடியார்களே, நான் கேட்ட இரண்டையும் அம்மாள் தந்தாள். பிள்ளை டொக்டருக்குப் படிக்கப் போகிறாள். இவர் இதோ முன்வரிசையில் இருந்து நான் பேசுவதைக் கேட்கிறார். நான் அடைத்த வழியை அம்மாள் என் பிள்ளையின் கையால் திறந்துவிட்டு, இரண்டில் எது என்பதைத் தானே எடுத்துத் தந்தாள். வசந்தி அக்காவிடமும் போய்ப் புத்தகத்தில் பக்கம் தேடிய கதையைச் சொன்னேன். "தெரியும். பக்கத்துக்குப் பக்கம் உம்மட மஞ்சள் விரல் அடையாளம் இருந்ததெண்டு ஆரணியே சொன்னவள்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது யாராவது கேட்டால் ஆரணி எங்கே படித்தாள், எப்படிப் படித்தாள், எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். நாவூறு பட்டால் படட்டும்.

அடுத்த வருடம் பிள்ளைக்கு இடம் தெரிவு செய்யத் தவிக்கப் போகிற அம்மாமார் இங்கே இருப்பீர்கள். விசாரியுங்கள், கேளுங்கள், பிள்ளையோடும் மனுசனோடும் இருந்து கதையுங்கள். பிறகு அம்மாளிடம் வாருங்கள். ஆனால் வரும்போது நீங்கள் விரும்பாத பூவையும் உங்கள் கையாலேயே வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். வாழைப்பழத்தைக்கூட இரண்டு தரம் எண்ணிப் பார்க்கிற நானே அவளை நம்புகிறேன் என்றால், நீங்கள் தாராளமாக நம்பலாம்.